பெங்களூரில் ஒருநாள் தோட்டச் சுற்று: ஏழு இடமா, மூன்று இடமா?

கேள்வி, 2024 ஜனவரி 7

சேலத்தில் மாடித்தோட்டம் போடுகிற 14 பேர் சேர்ந்து பிப்ரவரியில் ஒருநாள் பெங்களூர் வருகிறோம். பெரும்பாலும் பெண்கள், நாலு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வேன்காரர் ஏழு இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்: லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா, திப்பு அரண்மனை, காளை கோவில், ஒரு மால், கடைசியில் பட்டுக்கடை. லால்பாகுக்கு ஒன்றரை மணி நேரம். "பூக்காட்சி இல்லாதப்ப அங்க என்ன இருக்கு, ஒன்றரை மணி நேரமே ஜாஸ்தி" என்கிறார். அங்கேயே இருக்கிறவர்கள் சொல்லுங்கள், அது சரிதானா?

ஜனவரி 7, இரவு

சரியில்லை. லால்பாக் 240 ஏக்கர் தோட்டம். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வரலாம், அவ்வளவுதான். நான் ஜெயநகரில் 22 வருஷமாக இருக்கிறேன், வாரத்தில் நாலு நாள் அங்கேதான் நடக்கிறேன். இன்னும் எனக்குப் பெயர் தெரியாத மரங்கள் உள்ளே இருக்கின்றன.

பூக்காட்சி குடியரசு தினத்தை ஒட்டி ஒரு முறை, சுதந்திர தினத்தை ஒட்டி ஒரு முறை. அந்த நாட்களில் முன்னால் நிற்பவர் தலைதான் தெரியும். பூக்காட்சி முடிந்த பிப்ரவரிதான் செடி பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல மாதம். வெயிலும் ஏறியிருக்காது.

ஏழுக்குப் பதிலாக மூன்று இடம் வைத்துக்கொள்ளுங்கள். விடிகிற நேரத்தில் கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகள். அப்புறம் லால்பாக். மதியத்துக்கு மேல் சித்தாபுரா நர்சரிகள், லால்பாக் பக்கத்திலேயே இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் கப்பன் பூங்கா. பட்டுச்சேலை சேலத்தில் கிடைக்காததா?

ஜனவரி 8

நேற்று கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

2019இல் மதுரையிலிருந்து என் அத்தையும் அவர் தோழிகளும் இப்படித்தான் வந்தார்கள். அவர்களை அழைத்துவந்தது வேறொரு வேன்காரர். பட்டுக்கடையில் ஒரு மணி பத்து நிமிஷம், லால்பாகில் நாற்பது நிமிஷம். கடையில் அவருக்குக் கமிஷன் இருந்திருக்கும். அந்தக் குழுவில் 68 வயதில் ஒரு அம்மா, நாகலிங்க மரத்தைப் பூவோடு பார்க்கவேண்டும் என்பதற்காகவே வந்தவர். அவர் ஊர்க் கோயிலில் இருந்த மரத்தைக் கட்டடம் கட்ட வெட்டிவிட்டார்களாம். வாசலிலிருந்து கண்ணாடி மாளிகை வரை ஓட்டிக்கொண்டு போய், போட்டோ எடுத்து, திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். மரம் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, நேரம் இல்லை என்று பதில். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அத்தைதான் சொன்னார். அந்த அம்மா அதன்பின் பெங்களூர் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். தோட்டம் பார்க்க வருகிறவர்களை இடம் இடமாக ஓட்டக்கூடாது.

ஜனவரி 8, மாலை

வேனை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு மெட்ரோவில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. பச்சை வழியில் கே.ஆர். மார்க்கெட், அடுத்து நேஷனல் காலேஜ், அதற்கடுத்து லால்பாக். இரண்டாவது நிறுத்தம்தான். கப்பன் பூங்கா போவதென்றால் மெஜஸ்டிக்கில் இறங்கி ஊதா வழிக்கு மாறவேண்டும். திரும்பும்போது செடிகளை ஏற்ற வேனை நர்சரிப் பக்கம் வரச்சொல்லுங்கள்.

ஜனவரி 11

வழிகாட்டி வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் வேண்டும். ஆனால் எப்படிப்பட்டவர் என்பது முக்கியம். இந்த ஊரில் மரம் பார்க்கும் நடைகளுக்கு அழைத்துப்போகிற ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஒரு மரத்தடியில் பத்து நிமிஷம் நிற்பவரா என்று பாருங்கள். பட்டையைத் தொட்டுப்பார்க்கச் சொல்வார், கீழே விழுந்த காயைப் பொறுக்கிப் பிளந்து காட்டுவார். வருஷத்தை மட்டும் ஒப்பிப்பவர் வேண்டாம். யாரும் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன்.

வருஷமும் தெரிந்திருக்கவேண்டும்தான். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. திப்பு வெளிநாடுகளிலிருந்து செடியும் விதையும் வரவழைத்துப் பெரிதாக்கினார். அப்புறம் வெள்ளைக்காரர்கள் கைக்குப் போனது. 1908இல் க்ரும்பிகல் என்ற ஜெர்மானியர் பொறுப்புக்கு வந்தார். கண்ணாடி மாளிகை அவர் காலத்தில் கட்டியது. ஊரில் ஏதாவது ஒரு மரம் எந்த மாதமும் பூத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுத் தெருவோர மரங்களைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். நீங்கள் வரும்போது தபூபியா பூத்திருக்கும். இலையெல்லாம் கொட்டி, மரம் முழுக்க ரோஜா நிறம்.

நம் ஆட்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளவேண்டும். இந்தத் தோட்டத்தில் ஆரம்பக் காலத்திலிருந்து கைவேலை செய்தவர்கள் திகளர்கள். தமிழ் பேசும் தோட்டக்கார சமூகம். ஹைதர் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அவர்களைக் கூட்டிவந்தார் என்று சொல்வார்கள். சித்திரைப் பௌர்ணமி ராத்திரி தர்மராயசாமி கோயிலிலிருந்து புறப்படுகிற பெங்களூர்க் கரகம் அவர்கள் திருவிழா. மல்லிகையால் மூடிய அந்தக் கரகம் தர்கா ஒன்றுக்கும் போய்விட்டு வரும். கல்வெட்டில் மன்னர் பெயரும் அதிகாரி பெயரும் இருக்கின்றன. வாய்க்கால் வெட்டியவர் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

ஜனவரி 14

திருத்தம். கண்ணாடி மாளிகை க்ரும்பிகல் காலத்தது என்று மேலே எழுதியது தவறு. அடிக்கல் நாட்டியது 1889 நவம்பரில். க்ரும்பிகல் வந்ததோ அதற்குப் பத்தொன்பது வருஷம் கழித்து. கட்டியபோது பொறுப்பில் இருந்தவர் ஜான் கேமரன். என் தவறைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

கேமரன் என்றதும் ஞாபகம் வருகிறது. சௌசௌவை இந்தப் பக்கம் கொண்டுவந்து பரப்பியவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அமெரிக்கக் கண்டத்துக் காய். கன்னடத்தில் அதற்குச் 'சீமெ பதனெகாய்' என்று பெயர், அதாவது சீமைக் கத்தரிக்காய். நம் பக்கத்தில் பெங்களூர் கத்தரிக்காய். பெங்களூர்க்காரர்களுக்குச் சீமையிலிருந்து வந்தது, நமக்குப் பெங்களூரிலிருந்து வந்தது! கூட்டு வைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஜனவரி 14, மறுபடியும்

தபூபியா நம் நாட்டு மரமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, மத்திய, தென் அமெரிக்க மரம். ஜக்கரண்டா தென் அமெரிக்கா. குல்மொஹர் மடகாஸ்கர். தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அவ்வளவு ஏன், சிவன் கோயிலில் வைத்துக் கும்பிடுகிற நாகலிங்கமே தென் அமெரிக்க மரம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த மரத்தையும் கோயிலுக்குள் வைத்துக்கொண்ட மனசு பெரிய மனசு.

ஜனவரி 30

மார்க்கெட் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே 'சம்பங்கி' கேட்டால் செண்பகத்தை நீட்டுவார்கள். கன்னடத்தில் சம்பிகெ என்றால் செண்பகம். நாம் மாலை கட்டுகிற வெள்ளைச் சம்பங்கி இங்கே சுகந்தராஜ. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், வரலட்சுமி நோன்புக்குச் சம்பங்கி கேட்டு, மஞ்சள் செண்பகம் ஒரு பொட்டலம் வாங்கிவந்து வீட்டில் பிரித்துப் பார்த்து முழித்தேன். வாசனை மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை, அதனால் வருத்தமும் இல்லை.

மற்றபடி மல்லிகெ, கனகாம்பரா, காக்கடா எல்லாம் காதுக்குப் பழக்கமாகவே இருக்கும். சேவந்திகெ என்றால் சாமந்தி. செண்டு ஹூவு என்றால் செண்டுமல்லி. தொடுத்த பூ மொள, மாரு என்று விற்கும். மொள நம் முழம்தான். மாரு என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். ரோஜாவில் நிறைய ஓசூர்ப் பக்கத்து ரோஜா.

உள்ளே இறங்குவதற்கு முன் மேல்தளத்து வராந்தாவிலிருந்து ஒரு பத்து நிமிஷம் கீழே பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குவியல்கள், நடுவில் கூடை தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்கள். அப்புறம் இறங்குங்கள். தரை ஈரம், செருப்பு வழுக்கும். வழியில் நிற்காதீர்கள், தலைச்சுமையோடு வருகிறவர் நிற்க முடியாது.

பிப்ரவரி 3

நர்சரியில் என்ன வாங்கலாம் என்ற கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்லவேண்டும். காசும் உயிரும் வீணாவது அங்கேதான்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டர்கூட இல்லை. இங்கே ராத்திரி குளிர்கிறது. அந்தக் குளிருக்குப் பழகிய ஹைட்ராஞ்சியா, ஃபூஷியா, ஜெரேனியம் எல்லாம் சேலத்து ஏப்ரல் மொட்டைமாடியில் நிற்காது. என் தங்கை 2016இல் ஃபூஷியா ஒன்றைத் தொட்டியோடு சென்னைக்குக் கொண்டுபோனாள். காதில் தொங்கும் ஜிமிக்கி மாதிரிப் பூ. மூன்றாவது வாரம் போன் செய்தாள். நிழலில் வைத்தாள், தண்ணீர் தெளித்தாள், பாவம், ராத்திரி மின்விசிறிகூடப் போட்டாள். பகல் சூட்டைக்கூடத் தாங்கியிருக்கும், ராத்திரியும் சூடு இறங்காததுதான் அதைக் கொன்றது. விற்றவர் எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. வாங்கும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன், சொல்லத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

செம்பருத்தி, அடினியம், காகிதப்பூ, இட்லிப்பூ, அரளி வகைகள் தைரியமாக வாங்கலாம். ரோஜா வாங்கினால் ஒட்டுக்குக் கீழே கிளம்புகிற தளிரை ஊருக்குப் போனதும் கிள்ளிவிடுங்கள். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து சுருண்டிருந்தால் ரொம்ப நாளாக அதே பையில் இருக்கிற செடி. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி ஒன்று போதும், மாடி முழுக்கப் பரவும். வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் பத்து நாள் தனியாக வையுங்கள்.

லால்பாக் உள்ளேயே நர்சரிக்காரர்களின் கூட்டுறவுச் சங்க விற்பனையும் உண்டு. விலை விசாரிக்க அங்கே முதலில் போய்விட்டு அப்புறம் சித்தாபுராவுக்கு வாருங்கள்.

பிப்ரவரி 12

சின்ன விஷயங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, பழகிய செருப்பு. லால்பாக் உள்ளே இருக்கிற பாறை மேல் ஏற முடியாதவர்கள் ஏரிக்கரை பெஞ்சில் இருக்கலாம். கழிப்பறை எங்கே என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். காலை டிபனுக்கு எம்.டி.ஆர். பிரதான வாசல் பக்கம்தான், 1924இலிருந்து இருக்கிறது. ரவா இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

பிப்ரவரி 17, இரவு

வந்தார்கள், போனார்கள். கால் வலிக்கிறது, ஆனாலும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ராத்திரி ஒன்றரைக்குச் சேலத்தில் கிளம்பி ஐந்தே முக்காலுக்கு மார்க்கெட். 14 பேர் என்றார்கள், வந்தது 13. மேலிருந்து பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. பிறகு கீழே இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம். எண்ணிக் கூட்டிச்சேர்க்க அரை மணி ஆனது. நான் ஒதுக்கிய முக்கால் மணி நேரம் ஒன்றேகால் மணி ஆகிவிட்டது.

லால்பாகில் முதலில் பாறைக்குப் போனோம். பெங்களூரை உருவாக்கிய கெம்பேகௌடா பெயரில் உள்ள கோபுரம் நிற்கிற பாறை, 300 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். "இந்தப் பாறை பொடியாகி வந்த மண்ணுதானா உங்க செம்மண்ணு?" என்று ஒருவர் கேட்டார். குனிந்து, பாறை இடுக்கில் உதிர்ந்திருந்த துகளை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். இத்தனை வருஷமாக அதன்மேல் நடக்கிறேன், எனக்கு அப்படித் தேய்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. கல்லாகிப்போன மரம் ஒன்றும் தோட்டத்தில் இருக்கிறது, 2 கோடி ஆண்டு பழையது. நம் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது என்றதும் எல்லோரும் அதைச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நாகலிங்கத்தடியில் இருபது நிமிஷம். அடிமரத்திலிருந்தே கொத்துக்கொத்தாகக் காம்பு தொங்கும், பூ அதில்தான். கீழே விழுந்திருந்த ஒன்றைக் கையில் எடுத்து வட்டமாக நின்று பார்த்தோம். தடித்த ஆறு இதழ், வெளியே மஞ்சள் கலந்த சிவப்பு, உள்ளே ரோஜா. மேலே பாம்புப் படம்போல் ஒன்று கவிழ்ந்திருக்கும், அதன் ஓரமெல்லாம் குஞ்சம். அந்தப் படத்தை விரலால் மெல்லத் தூக்கினால் அடியில் சின்னதாக லிங்கம், சுற்றி நுண்ணிய மகரந்தத் தாள். ஒரு பாட்டி அதை முகர்ந்துவிட்டுத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு அந்த மதுரை அம்மா ஞாபகம். போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினேன், அவரிடம் காட்டச் சொல்லி.

பெரிய இலவ மரத்தின் பலகை வேர்களுக்கு நடுவே நுழைந்து போட்டோ. கண்ணாடி மாளிகைக்கு வெளியே நின்று ஐந்து நிமிஷம். யாரும் அதிகம் கேட்கவில்லை, நானும் அதிகம் சொல்லவில்லை.

அதிக நேரம் நின்றது நான் திட்டத்திலேயே வைக்காத இடத்தில். சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, எங்கள் பேச்சைக் கேட்டு, "எந்த ஊருங்க?" என்றார் தமிழில். அவர் அம்மா தருமபுரிப் பக்கமாம். கூட்டிய சருகு எங்கே போகிறது என்று சேலத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கையோடு கூட்டிப்போய்க் குவியலைக் காட்டினார். மேல் சருகை விலக்கி முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி எங்கள் கையில் வைத்தார். கறுப்பாக, வெதுவெதுப்பாக, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. மழை பெய்த வாசனை. "ஈரம் போகாம பார்த்துக்கணும், அப்பப்ப புரட்டணும், வேற ஒண்ணுமில்ல" என்றார். அந்தக் குவியலைச் சுற்றி 13 பேரும் நாற்பது நிமிஷம் நின்றோம். ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

கப்பன் பூங்கா போகவில்லை.

பிப்ரவரி 18

தூங்கி எழுந்து யோசித்தால் இரண்டு விஷயம் தோன்றுகிறது.

ஒன்று, மார்க்கெட்டையும் லால்பாகையும் ஒரே காலையில் வைத்தது தவறு. ராத்திரி முழுக்கப் பயணம் செய்தவர்களுக்கு அது அதிகம். இரண்டு பெரியவர்களுக்குப் பதினொரு மணிக்கே கண் சொருகியது. அடுத்த குழுவுக்கு முந்தின நாள் மாலையே வந்து தங்கச் சொல்வேன்.

இரண்டாவது, ஜனவரி 11இல் வழிகாட்டி எப்படி இருக்கவேண்டும் என்று பெரிதாக எழுதினேன். நேற்று அவர்களுக்கு நிஜமான வழிகாட்டியாக இருந்தவர் அந்தச் சருகு கூட்டும் அம்மாதான். தோட்டத்தில் வேலை செய்கிறவரோடு பேச அரை மணி நேரம் முதலிலேயே ஒதுக்கிவிடவேண்டும், அவர் வேலை கெடாத நேரமாகப் பார்த்து. அவருக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று தயங்கினேன், மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையில் ஒரு முழம் கொடுத்தோம். உடனே தலையில் வைத்துக்கொண்டார்.

நர்சரியில் யாரும் ஹைட்ராஞ்சியா வாங்கவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம். ஒருவர் மட்டும் முளைவிட்ட சௌசௌ ஒன்றை மார்க்கெட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வேன் ஏறும்போதுதான் காட்டினார்.

2024 மார்ச் 11

அடுத்த குழு எப்போது வரலாம் என்று கோவையிலிருந்து கேட்கிறார்கள். இப்போது வேண்டாம். ஊரில் தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவிட்டன. குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருக்கிறது. சரியான உத்தரவுதான், ஆனாலும் காலையில் செடிகளைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், வடிகட்டி இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர், எல்லாம் ஒரு டிரம்மில் சேர்கிறது. எது வாழவேண்டும் என்று தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, அந்த ஒற்றைச் செண்பகம். பூச்செடிகளில் பாதியை விட்டுவிட்டேன்.

தொட்டிகளுக்கு மேல் நாலு விரல் கனத்துக்குச் சருகு போட்டிருக்கிறேன். தினமும் ஊற்றியது இப்போது மூன்று நாளுக்கு ஒரு முறை போதுமாக இருக்கிறது.

மார்ச் 24

சௌசௌக்காரர் போட்டோவோடு கேட்டிருக்கிறார், சேலத்தில் காய்க்குமா என்று.

மொட்டைமாடி வெயிலில் சிரமம். குளிர்ந்த மலைப்பக்கம்தான் அது செழிக்கும், உங்களுக்குப் பக்கத்தில் ஏற்காடு. ஆனால் வைத்தாகிவிட்டது, பார்ப்போம். கிழக்குப் பக்கம் காலை வெயில் மட்டும் படுகிற இடமாக மாற்றுங்கள். விதையைத் தனியாக எடுக்காமல் முழுக்காயாகப் புதைத்தது சரி. பந்தலை இப்போதே போடுங்கள், கொடி பிடித்துக்கொண்டால் நிற்காது. சித்திரை, வைகாசியைத் தாண்டிவிட்டால் ஆடிக்கு மேல் நம்பிக்கை உண்டு.

போட்டோவை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். காயின் அகன்ற முனையிலிருந்து இரண்டு தண்டு, சுருள்கம்பி ஒன்று பக்கத்துத் துணிக்கொடியைப் பிடித்துவிட்டது. துணிக்கொடியை அவிழ்க்காதீர்கள்.

மார்ச் 24, இரவு

அத்தை போன் செய்தார். மதுரை அம்மாவிடம் அந்தப் போட்டோவைக் காட்டினாராம். இந்தப் பூ எங்கள் கோயில் பூவைவிடச் சிறிசு என்றாராம் அவர். டிசம்பரில் வருகிறார்கள், இரண்டு பேர் மட்டும், ரயிலில், என் வீட்டில் நாலு நாள்.